ஈத்தங்குளத்து மலை

அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அவருடைய தகப்பனார் தாணப்பன் பிள்ளை வைத்துவிட்டுப் போனது இரண்டு. ஒன்று, ஈத்தங்குளத்து வயல்வெளியில் மூன்று கோட்டை நெல் விதைக்கிற நிலம். இன்னொன்று சந்தேகம். வயலுக்குத் தம்பி பங்கு கேட்டு, பாதியை வாங்கிக்கொண்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விட்டான். சந்தேகத்துக்கு யாரும் பங்கு கேட்கவில்லை. அது ஒரு மணி குறையாமல் மூத்தவருக்கே வந்து சேர்ந்தது. அவரும் அதைத் தரிசு போடாமல் வருஷம் முழுக்கப் பயிர் செய்துவந்தார்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை வரிசையில் நின்று வாங்கினார். வாயில் போடவில்லை. "சும்மா குடுக்கான்னா பொறத்தால என்னவோ வருது" என்று சொல்லி, வீட்டில் உத்தரத்தின் மேல் வைத்து மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் எறும்பு மொய்த்தது. எறும்புகள் மறுநாளும் உயிரோடு திரிவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பாரத தேசத்தின் சுதந்திரத்தை அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துத் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின என்று கேள்விப்பட்டபோது, "ரெண்டு வீட்டுக்காரன் திடீர்னு ஒரே அடுப்புல பொங்குகான்னா, ஒருத்தன் வீட்டுல அரிசி தீந்திருக்கும்" என்றார். எந்த வீட்டில் என்று ஒருவன் கேட்டான். கேட்டவனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

வீட்டிலும் இதே ராஜாங்கம்தான். மனைவி மீனாட்சியம்மாள் காப்பி கொண்டுவந்தால் அவள் ஒரு மடக்குக் குடித்த பிறகே டம்ளர் கை மாறும். இருபத்தெட்டு வருஷமாக இந்த முறை. அவளும் பழகிவிட்டாள், முதல் மடக்கு எப்போதும் சூடாக இருக்கும் என்பதால் அவளுக்கு அதில் நஷ்டமும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒன்றே ஒன்றை மட்டும் சந்தேகம் இல்லாமல் நம்பினார். அது அவருடைய மடை.

பழையாற்றிலிருந்து பிரிந்து வருகிற ஒரு கால்வாய்க்கு ஈத்தங்கால் என்று பெயர். அது முதலில் ஈத்தங்குளத்து வயல்களைத் தொட்டுக்கொண்டு, பிறகு தெற்கே பாறையடி என்ற ஊருக்குப் போகும். கால்வாயின் கரையில், இரண்டு சாண் அகலத்தில், கல் கட்டிய ஒரு திறப்பு. அதுதான் பிள்ளையின் மடை. அவருடைய வயல் சுற்றிலும் உள்ள வயல்களைவிட ஒரு முழம் உயரம். அதனால் பக்கத்து வயலிலிருந்து வெள்ளம், அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு அதுதான் பேர், பாய வழி கிடையாது. மடை திறந்தால் நெல்; அடைத்தால் ஆடு மேய்க்கலாம். நடுவில் வேறொன்றும் இல்லை.

1953ஆம் வருஷம், மாசி அறுவடை முடிந்து, கால்வாயில் வெள்ளம் அடைத்திருந்த பங்குனி மாதம். ஜான்ரோஸ் என்கிற ஓவர்சியர் இரண்டு கூலியாட்களோடு கரை வழியாக நடந்து வந்தார். அவர் கக்கத்தில் ஒரு தகரக் குழல் இருந்தது. பிள்ளைக்கு மனிதரைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. குழலைப் பற்றித்தான் தோன்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாத எந்தச் சாமானையும் அவர் அதுவரை நல்லதென்று நினைத்ததில்லை.

"பிள்ளைவாள், இந்த மடை யாருக்கு உள்ளது?"

"எதுக்குக் கேக்கேரு?"

"கேட்டா சொல்லணும்."

"சொன்னா என்ன செய்வேரு?"

"எழுதுவேன்."

"எழுதினா?"

ஜான்ரோஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து அவர் பதினோரு மடைக்காரர்களிடம் பேசியிருந்தார். அத்தனை பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல இருந்தார்கள். குழலைத் திறந்து உள்ளேயிருந்து துணி ஒட்டிய ஒரு பெரிய தாளை எடுத்துக் கரைப் புல்லில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார்.

பிள்ளை எட்டி நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து பார்த்தார். வடக்கே மலைகள் பழுப்பு ரேகைகளாக, மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. பழையாறு நீலம். கால்வாய்கள் நீல நூல். குளங்கள் நீலப் பொட்டு. கோயிலுக்கு ஒரு குறி, வேதக்கோயிலுக்குச் சிலுவை. மைலுக்கு நாலு அங்குலம் என்ற கணக்கில் நாஞ்சில் நாட்டுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பாய் அகலத்துக்குள் அடங்கிவிட்டது. 1914இல் சர்வே செய்த படம் என்றார் ஜான்ரோஸ்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பிள்ளைக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அளக்கத் தெரியும். ஈத்தங்குளம் எது, பாறையடி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு பெயர்களின் மேலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"பாறையடிய மட்டும் பெருசா எழுதியிருக்கு."

"அது பெரிய ஊரு."

"எப்போ பெரிய ஊராச்சு?"

ஜான்ரோஸ் நேரே விஷயத்துக்கு வந்தார். கால்வாய்க் கரையை உயர்த்திக் கட்டப்போகிறார்கள். இந்தப் படத்தில் உள்ள மடைகளுக்கெல்லாம் புதுக் கல் வைத்துத் தரப்படும். படத்தில் இல்லாதவை பிற்காலத்தில் திருட்டுத்தனமாக வெட்டியவை என்று கொள்ளப்பட்டு, வைகாசியில் வெள்ளம் விடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு வைத்து அடைக்கப்படும்.

"எங்க அப்பா காலத்துக்கும் முந்தின மடை இது. நல்லாப் பாரும். இருக்கும்."

"பாத்தாச்சு பிள்ளைவாள். இந்த இடத்துல மடை இல்ல. மலை இருக்கு."

பிள்ளை குனிந்தார். ஈத்தங்காலின் நீல நூலை ஒட்டி, சரியாக அவருடைய மடை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு உளுந்து அளவுக்குப் பழுப்பு வட்டம். அதைச் சுற்றிக் கண்ணிமை மயிர் போலச் சின்னச் சின்னக் கோடுகள்.

நிமிர்ந்து கரையைப் பார்த்தார். மடை இருந்தது. மடைக்கு அப்பால் அவருடைய வயல் கிடந்தது. வயலுக்கு அப்பால் தென்னை. எங்கே பார்த்தாலும் தரை தோசைக்கல்லைப் போலத்தான் இருந்தது. ஈத்தங்குளத்தில் மலையைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே திரும்பி மூன்று மைல் பார்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கரையில் வந்துகொண்டிருந்தார் நீலகண்ட பிள்ளை. பாறையடிக்காரர். அய்யம்பெருமாள் பிள்ளையின் மடை அடைபட்டால் அந்த வெள்ளம் நேரே போய்ப் பாயப்போவது அவருடைய வயலில்தான். விஷயத்தைக் கேட்டதும் அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஓய் அய்யம்பெருமாளு, மலையத் தொளைச்சா வெள்ளம் எடுக்கேரு? நாங்க உம்மை லேசா நெனச்சுட்டோம்வே!"

அன்று சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கு ஊரில் 'மலைக்காரர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அவருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. அந்த மலையை வரைந்தது நீலகண்டன். ஓவர்சியர் அன்று மத்தியானம் சாப்பிட்டது நீலகண்டன் வீட்டில். பாயசத்தோடு சாப்பாடு. பாறையடியில் ஆள் செத்துப் பதினாறாம் நாள் ஆனாலொழியப் பாயசம் வைத்த வழக்கம் இல்லை. அன்று அங்கே யாரும் செத்திருக்கவில்லை. ஆகவே பழுப்பு மை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

மறுநாள் ஓவர்சியரிடம் போய், இதை நேரே சொல்லாமல், "படத்துல பின்னால எதுவும் சேத்து வரையலாமோ?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

ஜான்ரோஸ் குழலின் மூடியை இறுக்கினார். "உமக்கு எங்கிட்ட சந்தேகம். செரி. நெய்யூர்ல ஞானதாசன்னு ஒருத்தர் உண்டு. படம் வரையுக வேலையில இருந்து பென்ஷன் வாங்கினவரு. பதினாலுல சர்வே நடந்தப்போ அந்தக் கூட்டத்துல சின்ன ஆளா நின்னவரு. அவரிட்ட இதே படம் ஒண்ணு இருக்கு. போய்ப் பாரும். அதுல மடை இருந்தா நான் இங்க அடைக்கல்ல."

ஓவர்சியரே வழி சொன்னதுதான் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் போனார். வேறு வழி இல்லை. வைகாசிக்கு இன்னும் ஐம்பது நாள்தான்.

பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, டிரைவர் ரோட்டைப் பார்க்கிறாரா என்று தக்கலை வரைக்கும் கவனித்துக்கொண்டே போனார். பத்மநாபபுரத்துக்கு அரண்மனை பார்க்கப் போகிற ஒருவர் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தார். மரத்தாலேயே கட்டியதாம். கறையான் எப்படி விட்டுவைத்தது என்று பிள்ளை கேட்டதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஞானதாசனின் வீடு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருந்தது. அறுபதை ஒட்டிய வயது, தடித்த கண்ணாடி, மைக்கறை போகாத விரல். அவர் மனைவி சத்தியபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிள்ளை டம்ளரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளாளமார் எங்க வீட்டுல குடிக்க மாட்டாங்களோ?" என்றாள் சத்தியபாய்.

"அதுக்கில்ல அம்மா. எங்க வீட்டுலயும் குடிக்க மாட்டேன். யாராம் ஒரு மடக்குக் குடிச்ச பொறவுதான்."

"விஷம் வச்சுக் கொன்னு எடுத்துக்கிட உங்ககிட்ட என்ன இருக்கு, ஒரு கொடையும் ஒரு துண்டும்தானே?" என்று சொல்லி, அவளே ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். பிள்ளை திருப்தியாகக் குடித்தார்.

ஞானதாசன் படத்தை மேசைமேல் விரித்தார். பிள்ளை ஈத்தங்காலை விரலால் தொட்டு வடக்கிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தார். விரல் வந்து நின்ற இடத்தில், உளுந்து அளவுக்கு, பழுப்பாக, மயிரோடு, மலை.

"பாறையடி நீலகண்டன் இங்கயும் வந்துட்டுப் போனானா?"

"யாரது?"

"இந்த மலைய வரஞ்சவன்."

ஞானதாசன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, சத்தியபாய் வெள்ளம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"பிள்ளைவாள், இந்த மலையில ஏறினவன் நான்தான்வே. பூமியில நான் ஒருத்தன்தான் ஏறியிருக்கேன்."

பிறகு சொன்னார். தொள்ளாயிரத்துப் பதினாலு, இதே போல மாசி அறுப்பு முடிந்த சமயம். சர்வேயர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ஞானதாசனுக்கு இருபது வயது தாண்டவில்லை, அரைகுறை இங்கிலீஷ் தெரியும். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் போய் நிற்பது வேலை. ஈத்தங்குளத்தில் கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு மேடு. ஆள் உயரத்துக்கு மேலே. முழுக்கப் புல். மேலே ஒரு வெள்ளாட்டங்குட்டி கட்டியிருந்தது. ஏறி நில் என்றார் சர்வேயர். ஏறினால் முட்டு வரைக்கும் கால் உள்ளே போயிற்று.

"'சாரே, மலை இளகிக் கெடக்கு'ன்னேன். 'இந்த நாட்டு மண்ணு அப்படித்தான்'ன்னாரு. எழுதியாச்சு. அங்கின ஒரு ஆளு நின்னாரு. நல்ல ஒசரம். எங்க எல்லாருக்கும் எளநி வெட்டித் தந்தாரு. ஒவ்வொண்ணுலயும் அவரு மொதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டுத்தான் தந்தாரு. குடிச்சு முடிச்சதும் வெறும் எளநிக் கதம்பையெல்லாம் எண்ணி அடுக்கினாரு. அத மட்டும் மறக்கல்ல."

அய்யம்பெருமாள் பிள்ளை காலி டம்ளரை எடுத்து உள்ளே பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"மலைக்குப் பேரு என்னன்னு கேக்கச் சொன்னாரு சர்வேயர். கேட்டேன். 'பேரு சொல்லப்பிடாது, பேரு வச்சா தீர்வை வரும்'ன்னாரு எளநி தந்த ஆளு. மறுநாளுதான் அந்த ஊரு அறுப்புக்காரிய பேசிச் சிரிக்கதக் கேட்டேன். படத்துல ஏறுகதுக்கெல்லாம் தீர்வை போடப்போறான்னு பயந்து, மடைமேல வைக்கோல்படப்பு போட்டு, அதுமேல சேறு பூசி, வரப்புப் புல்லச் செதுக்கி ஒட்டியிருக்கு அந்த மனுசன். சர்வேயரிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். 'மையில எழுதியாச்சு'ன்னுட்டாரு."

"அவரு பேரு..."

"தாணப்பன் பிள்ளையோ என்னவோ சொன்னாங்க. உமக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அவருடைய மகன்.

அந்த மாசியில் தகப்பனார் தன்னை ஆரல்வாய்மொழியில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவைத்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒரு காரணமும் சொல்லவில்லை. பத்தொன்பது வயது மகன் வாயில் ரகசியம் தங்குமா என்று அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சாகிற வரைக்கும் சொல்லவில்லை. சொந்த மகனையும் நம்பாமல் கண்ணை மூடிய மனிதர். திரும்பி வருகிற பஸ்ஸில் பிள்ளை எங்கே உட்கார்ந்தார் என்பதை அவரே கவனிக்கவில்லை. நாற்பது வருஷமாக அவர் ஊரில், உறவில், சர்க்காரில், வானத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று. விட்டுப்போனது ஒரே ஆள், தகப்பனார். அந்த ஆளைச் சந்தேகப்படுவதென்றால் தன்னிடம் இருக்கிற சந்தேகத்தையே சந்தேகப்பட்டதாக ஆகும். அதற்குப் பிறகு கையில் என்ன மிஞ்சும்?

மீனாட்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்படி அவர் சொன்னதே அவளுக்கு அதிசயம்.

"அப்பா பேர நானே கெடுக்கதா? சர்க்கார் தாள்ல எழுதிக் கையொப்பம் போடணும். நாப்பது வருசத்துத் தீர்வையையும் சேத்துக் கேட்டான்னா?"

"செத்தவரத் தேடி எந்தத் தாசில்தார் சுடுகாட்டுக்குப் போகப்போறான்? அவருக்கு இனி வெள்ளம் வேண்டாம். நெல்லு வேண்டியது நமக்கு. போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் பிள்ளை ஓவர்சியர் முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சர்க்கார் ஆளிடம் கேள்வி கேட்காமல் முழு உண்மையையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

ஜான்ரோஸ் நம்பவில்லை.

"வைக்கோல்ல மலை செய்தாரா உங்க அப்பா? நல்ல கதைவே. எனக்கு இப்பத்தான் வேற ஒரு சந்தேகம். படத்துல மலை இருக்கு. தரையில மலை இல்ல. அப்போ சர்க்கார் மலைய வெட்டி மண்ணக் கடத்தினது யாரு? மலை நின்ன எடத்துல மடை வச்சிருக்கது யாரு?"

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தில் நீலகண்ட பிள்ளையும் இருந்தார். அவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"உள்ளதச் சொல்லணும்லா சார். இங்கின மலை இருந்தது. நான் சின்னதுல அதுல ஆடு மேச்சிருக்கேன்."

"ஏலே நீலகண்டா! எப்பலே மேச்சே? எந்த ஆட்ட மேச்சே?"

"கறுத்த ஆடு."

இப்படி ஒரு கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் வந்தால் சர்க்கார் நம்பத்தான் செய்யும். ஜான்ரோஸ் எழுதிக்கொண்டார். மடை போவதோடு, மலையைக் காணாமல் அடித்த வழக்கும் வரும் போலிருந்தது. திருவிதாங்கூர் சரித்திரத்தில் மலை திருடியவர் என்று பேர் எடுக்க ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் தன் மடையின் மேல் ஏறி நின்றுகொண்டு, "செய்து காட்டுகேன்" என்று கத்தினார்.

"என்ன செய்து காட்டுவேரு?"

"மலை. ஒரு வாரம் தாரும். எங்க அப்பா செய்த மலைய நான் செய்து காட்டுகேன். ஞானதாசன் வந்து பாக்கட்டும். அதே மலைதான்னு அவரு சொன்னா மடைய எழுதும். இல்லன்னா என்னையும் சேத்து வச்சுப் பூசும்."

ஒரு வாரம் கொடுத்தார் ஜான்ரோஸ். மலை செய்யத் தெரியாமல் போனால் மலையைத் திருடினவர் என்று எழுதிவிடலாம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

கும்பப்பூ என்கிற அந்த மாசி அறுவடையின் வைக்கோல் முழுவதையும் பிள்ளை மடைமேல் கொண்டுவந்து போட்டார். அந்த வருஷத்துக்கு மாட்டுக்கு இருந்ததெல்லாம் அதுதான். மீனாட்சியம்மாள் சேறு குழைத்தாள். வரப்பிலிருந்து புல்லைச் செதுக்கி ஒட்டியதும் அவள்தான். இரண்டாம் நாள் பிள்ளை தூரப் போய் நின்று பார்த்துவிட்டு, "வடக்குப்பக்கம் சரிவு போராது" என்றார். "மாமாவுக்கு இவ்வளவு வெலாவாரி தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள். அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அதைக் கேட்டு ஏனோ கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எட்டாம் நாள் ஞானதாசன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜான்ரோஸ் கரையில் நின்று படத்தை விரித்து, மலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மலையைப் பார்த்தார். ஒத்திருந்தது. உண்மையைச் சொன்னால், வடக்கே இருந்த அசல் மலைகளைவிட நன்றாக ஒத்திருந்தது.

ஞானதாசன் கைத்தடியை மலையின் பக்கவாட்டில் குத்தினார். அது பிடிவரைக்கும் போயிற்று. "இந்த ஒசரம்தான். இந்த எடம்தான்" என்றார்.

ஜான்ரோஸ் பின்னால் திரும்பினார். "நீலகண்ட பிள்ளை, இங்க வாரும். நீரு ஆடு மேச்ச மலை இதுதானா? நல்லாப் பாத்துச் சொல்லும்."

நீலகண்ட பிள்ளை யோசித்தார். இல்லை என்றால் வேறு எந்த மலை என்று கேட்பார்கள். வேறு மலை கிடையாது. ஆமாம் என்றால் மலை இருந்தது என்று ஆகும். மலை இருந்தால் மடை இல்லை. கணக்கு நேராகத்தான் வந்தது.

"இதேதான் சார். ஒரு மாத்தமும் இல்ல."

"அப்போ ஏறி நின்னு காட்டும். ஆட்ட எங்கின கட்டுவேரு?"

நீலகண்ட பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாறையடியின் கௌரவம் முழுவதையும் தோளில் சுமந்து மலைமேல் ஏறினார். உச்சியில் கால் வைத்து நிமிர்ந்தார். அவ்வளவுதான். சாட்சி சொன்னவர் தன் சாட்சிக்குள்ளேயே இடுப்பளவு இறங்கிவிட்டார். கைகள் இரண்டும் வெளியே புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. புல்லும் அவரோடு வந்தது.

"ஏலே, கறுத்த ஆடு உள்ளயா நிக்கி?" என்று அய்யம்பெருமாள் பிள்ளை கேட்டார்.

கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாலு பேர் பிடித்து இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். மூக்கிலும் காதிலும் வைக்கோல். அவர் யாரையும் பார்க்காமல் தெற்கே பாறையடியைப் பார்த்து நடந்தார்.

ஜான்ரோஸ் மலையாளத்தில் ஒரு தாள் எழுதினார். மேற்படி இடத்தில் மலை இல்லை, முன்பும் இருந்ததில்லை, இருந்தது மடை, அதை மறைத்தது காலஞ்சென்ற தாணப்பன் பிள்ளை. அய்யம்பெருமாள் பிள்ளை தாளை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தடவிப் படித்தார். தகப்பனார் பெயர் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். தாளைப் புரட்டிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கையொப்பம் போட்டார். ஓவர்சியர் படத்தில் பழுப்பு வட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நீல மையால் ஒரு சின்னக் கோடு இழுத்தார். வைகாசியில் புதுக் கல் வைத்த மடை வழியாக வெள்ளம் பாய்ந்தது. தீர்வை கேட்டு ஒருவரும் வரவில்லை. மூன்று வருஷம் பிள்ளை அதை நினைத்துக் கவலைப்பட்டார்.

1956 நவம்பரில் நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊரில் வெடி போட்டார்கள். பிள்ளை வெடிச் சத்தத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்றைத்தான் விசாரித்தார்: ஓவர்சியர் எங்கே? ஜான்ரோஸ் மாற்றலாகித் திருவனந்தபுரம் போய்விட்டார். படம்? அதுவும், அவர் கையொப்பம் போட்ட தாளும் போய்விட்டன. நீலக்கோடு இப்போது வேறொரு ராஜ்யத்து அலமாரியில் இருந்தது. இங்கே புதிதாக வந்த ஆபீசில் இருப்பது வேறு பிரதி. அந்தப் பிரதியில் இன்னும் மலைதான் இருக்கும்.

மறுநாளே அவர் புது ஆபீசுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் ரசலையன் என்ற குமாஸ்தா இருந்தார். முப்பது வயது இருக்கும். யாரையும் நேராகப் பார்க்காத கண்.

"சார், எனக்கு ஒரு மடை உண்டு. படத்துல இல்ல. எழுதணும்."

ரசலையன் பேனாவைக் கீழே வைத்தார். "உம்மை யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. நானா வந்தேன்."

"நீராவா?" ரசலையன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "இந்த ஆபீசுக்கு நாங்க கூப்பிட்டே ஒருத்தனும் வர மாட்டான். நீரு நீராவே வந்து, எங்கிட்ட இன்னது இருக்கு, எழுதும்ங்கேரு. ஒரு மடையக் காட்டி வேற எதையோ மறைக்கேரு."

"ஒண்ணுமில்ல சார்."

"அத நான் பாத்துக்கிடுகேன்."

வியாழக்கிழமை அவரே நேரில் வந்தார். மடையைப் பார்த்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். தண்ணீருக்குள் கையை விட்டு அடியில் என்ன இருக்கிறது என்று துழாவினார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நடவு முடிந்த வயலைச் சுற்றி வரப்பு வரப்பாக நடந்தார். தென்னை மூட்டில் குனிந்து பார்த்தார். வைக்கோல்படப்பைக் கம்பால் குத்தினார். எருக்குழியை எட்டிப் பார்த்தார். இளநீர் வெட்டிக் கொடுத்ததைக் குடிக்கவில்லை, "எதுக்குத் தாரேரு?" என்று கேட்டார்.

வெயில் சாய்கிற வரைக்கும் தேடியும் மறைத்துவைத்தது ஒன்றும் அகப்படவில்லை. ரசலையன் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து, படத்தை மடியில் விரித்து, மனசே இல்லாமல் ஒரு நீலக்கோடு இழுத்தார். மை காய்ந்ததும் விரலால் அழுத்தித் தேய்த்து, அழிகிறதா என்று பார்த்தார். அழியவில்லை. அப்புறமும் நம்பிக்கை இல்லாமல் வயலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டே போனார்.

அய்யம்பெருமாள் பிள்ளை கரையில் நின்று அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயதில், சர்க்கார் ஆள் ஒருவரை அவருக்கு முதல் தடவையாகப் பிடித்துப்போயிற்று.